பரவல் தரவுத்தளமும் தொலைப்பணியும்

நீலகிரியில், உதகையினின்று கூடலூர் செல்லும் வழியில் உள்ளது நடுவட்டம். மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தினைத் தரும் சின்கோனா மரம் 1860-களில் ஆங்குப் பயிராக்கப்பெற்றது. தொடக்கத்தில் நீலகிரி மரப்பட்டையின் சத்தினை அளந்தறியப் பட்டையை இங்கிலாந்துக்கு அனுப்பி, ஓவார்டு என்பாரின் ஆய்வுரைக்குக் காத்திருந்தனர். 1866-இல் பிராட்டன் என்னும் வேதியியலார் நீலகிரிக்கே அமர்த்தப்பெற்றார். பட்டை கடல் கடப்பதற்கு மாறாக, ஆய்வாளர் பட்டை உள்ள இடத்துக்கு வந்தார்.

பரவல் தரவுத்தளத்தின் அடிப்படையும் இஃதே. ஒரு தரவுத்தொகுதியைப் பல கணிப்பொறிகளில் பகுத்து வைப்பின், அவை ஒவ்வொன்றும் கணு எனப்படும். தரவு முழுதையும் ஓரிடத்துக்கு ஈர்த்தல் காலமும் பொருளும் கொள்ளும். பணிக்குரிய கட்டளையோ மிகச் சிறிது. ஆதலின் கட்டளையைக் கணுதோறும் அனுப்பி, ஆங்காங்கே பணியைச் செய்வித்து, விடைகளை மட்டும் பெற்றுத் தொகுப்பர். 2004-இல் கூகுள் நிறுவனத்தாராகிய டீன், கெமாவத்து இருவரும் வெளியிட்ட 'மேப்ரெடியூஸ்' முறை இதனைப் பெருவழக்காக்கிற்று.

தமிழாய்வார்க்கு இதனால் ஆவது யாது? சுவடி நூலகங்கள் சென்னை, தஞ்சை, புதுச்சேரி எனப் பலவிடத்தும் உள்ளன. சுவடிகளின் படிகள் அவ்வந்நூலகக் கணிப்பொறியிலேயே இருப்பனவாகக் கொள்வோம். ஒரு சொல் யாண்டேனும் பயில்கின்றதா என மூன்று கணுக்களையும் வினவுகின்றோம். இரண்டு 'இல்லை' என்கின்றன. மூன்றாவது விடையே தரவில்லை. சில அமைப்புகள் வந்த விடைகளை மட்டும் தொகுத்துத் தந்துவிடும். அதனை நம்பி 'இச்சொல் சுவடிகளில் இல்லை' என எழுதுவோமாயின், அது பிழையாகும். தேடிக் காணாமை வேறு, தேடப்பெறாமை வேறு.

விடை வாராதவழிக் கட்டளையை மீண்டும் அனுப்புவர். முதற்கட்டளை நிறைவேறி, விடை மட்டும் இடையில் தவறியிருத்தலும் கூடும். தேடுதலை இருமுறை செய்யினும் தீங்கில்லை; பாடவேறுபாடு ஒன்றைப் பதியும் பணி இருமுறை நிகழின், ஒன்று இரண்டாகத் தோன்றும். ஆதலின் பணிதோறும் தனியெண் இட்டு, முடிந்த எண்ணுக்குரிய பணி மறுமுறை நிகழாவாறு அமைப்பர்.

எனவே, இன்மை கூறும் ஆய்வுரை, எத்தனை கணுக்கள் வினவப்பெற்றன, எத்தனை விடையிறுத்தன என்பனவற்றையும் உடன் கூறல் வேண்டும். ஏடு சிதைந்தவிடத்துப் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியர் மேற்கொண்ட நேர்மை இதுவே. கருவி புதிதாயினும் கடமை பழையதே என்க.