கப்பி மீன்

காவிரி மேட்டூரில் தேக்கப்பட்டு அருகிலேயே ஓடினும், குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வாராத காரணத்தால் சிமெண்டுத் தொட்டியிலும் டிரம்மிலும் நீரைச் சேமித்து வைப்பது சேலம், நாமக்கல் சமவெளியில் பல வீடுகளின் நெடுநாள் வழக்கம். அவ்விதம் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே டெங்குவைப் பரப்பும் கொசு தன் பிரசவ ஸ்தலமாகக் கொள்ளுகிறது. அதன் புழுக்களைத் தின்று தீர்க்கும் பொருட்டுச் சுகாதாரத் துறையினர் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகின்ற சிறு மீன்களில் ஒன்றும், கடைவீதிக் கண்ணாடித் தொட்டியில் வாலை விசிறி நிற்கும் அலங்கார மீனும் ஒரே ஜாதிதான், அதுவே கப்பி.

கிணற்றோடு புழங்கியவர்களுக்குக் கப்பி என்றதும் நீரிறைக்கும் உருளை நினைவுக்கு வரலாம். மீனின் பெயரோ ஒரு மனிதருடையது. லண்டனில் 1836இல் பிறந்து, டிரினிடாட் தீவில் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்துவந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைப் பரிசோதித்த பிரிட்டிஷ் மியூசியத்து ஆல்பர்ட் குந்தர், 1866இல் அவர் நாமத்தையே அதற்குச் சூட்டினார். எனினும் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர், வெனிசுவேலாவில் கிடைத்த அதே மீனை 1859லேயே வருணித்துவிட்டபடியால், முந்தியதே நிற்கும் என்ற சாஸ்திர விதிப்படி 'பொயிசீலியா ரெட்டிகுலேட்டா' என்பது நிலைத்தது. தள்ளுபடியான பெயரைத்தான் உலகத்து ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். பண்டிதர் தீர்ப்பு கடைவீதிவரை வருவதில்லை போலும்.

வர்ணமெல்லாம் ஆணுக்கே, அது 3 சென்டிமீட்டர் அளவினது. பெண் அதனினும் பெரிது, சோபையற்ற சாம்பல் நிறத்தது. முட்டையிடாமல், ஏறக்குறைய மாதம் ஒருமுறை உயிருள்ள குஞ்சுகளையே ஈனும். ஒருமுறை சேர்ந்த ஆணின் வித்தைப் பல மாதம் உடலுள் காத்துவைக்கும் சக்தி அதற்கு உண்டாகையால், தனியே விட்ட பெண் மீன் குஞ்சு போட்டதைக் கண்டு வீட்டார் அதிசயிப்பது உண்டு. ஈன்ற தாயே குஞ்சுகளை விழுங்கவும் கூடுமாதலால், அவை ஒளிந்துகொள்ளச் சிறிது பாசிக்கொடி இட்டுவைப்பது நலம்.

பெருகிய மீன்களை என் செய்வதென்று அறியாது சிலர் ஏரியிலும் திருமணிமுத்தாற்றிலும் கொட்டிவிடலாம் என எண்ணக்கூடும், அது தகாது. அசுத்த நீரையும் தாங்கி வாழவல்ல இம்மீன், நம் நாட்டுச் சிறு மீன்களின் இரையையும் இடத்தையும் கவர்ந்துகொள்ளும். மிஞ்சியவற்றை அண்டை வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்துவிடலாம்; அங்கும் கொசுப்புழு இருக்கவே செய்யும்.