'செய்துகொண்டிருப்பேன்': ஆங்கிலத்தில் எதிர்காலத் தொடர்வினை

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர் பலர்க்கு அலுவலின் பொருட்டு ஆங்கிலம் வேண்டியிருக்கிறது. அம்மொழியின் வினைவடிவங்களுள் தயக்கம் தருவது ஒன்றை இங்கே காண்போம்.

இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனக் காலத்தை மூன்றாக வகுத்தது தொல்காப்பியம். எதிர்வில் ஒரு குறித்த நேரத்தில் தொடர்ந்து நிகழும் செயலைச் சொல்ல, 'எழுதுவேன்' என்பதை 'எழுதிக்கொண்டிருப்பேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'வில் பீ' என்பதன்பின் 'இங்' ஈறு பெற்ற வினை வந்து அப்பொருளைத் தரும்.

செம்பூர் அன்பர் ஒருவர் வேலை தேடுகிறார். நாளைக் காலை தொலைபேசியில் அவரோடு பேச விரும்புகிறார் அதிகாரி. 'ஐ வில் டிராவல் அட் டென்' என்று அன்பர் சொன்னால், பத்து மணிக்குத்தான் புறப்படுவார் என்று அதிகாரி கொள்வார். ஒன்பதே முக்காலுக்கு அழைப்பார். அன்பரோ அப்போது குர்லாவில் வண்டி மாறிக்கொண்டிருப்பார்! 'ஐ வில் பீ டிராவலிங் அட் டென்' என்றிருந்தால், பத்து மணிக்குப் பயணம் நடுவழியில் இருக்கும் என்பது விளங்கியிருக்கும்.

இவ்வடிவம் பணிவுக்கும் உதவும். 'வில் யூ கம்?' என்பது வரும்படி வேண்டுவதாகவும் ஒலிக்கலாம். 'வில் யூ பீ கமிங்?' என்பதோ பிறர் திட்டத்தை மென்மையாக வினவும்.

ஆயினும், அறிதலைக் குறிக்கும் 'நோ' போன்ற வினைகள் 'இங்' ஏற்பது வழுவாம். 'ஐ வில் நோ' என்பதே முறை.

ஐயம் எழுந்தால், கருத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொண்டிருப்பேன்' இயல்பாகப் பொருந்துமிடத்தில் பெரும்பாலும் இவ்வடிவமே பொருந்தும்.