இடிபாடுகளும் ஓர் அமானிதமே



யுத்தத்தால் இடிந்த ஓர் ஊரை மீளக் கட்டுவதென்றால், இடிபாடுகளை லொறிகளில் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிய சீமெந்துக் கட்டடங்களை எழுப்புவதுதான் என நாம் எண்ணுகிறோம். ஈராக்கின் மவ்ஸில் நகரம் வேறொரு வழியைக் காட்டுகிறது.

திஜ்லா நதிக்கரையிலுள்ள இந்நகரில், சுல்தான் நூருத்தீன் ஸங்கி (ரஹ்) அவர்கள் 12ஆம் நூற்றாண்டில் பெரும் பள்ளிவாசலொன்றைக் கட்டுவித்தார்கள். அதன் மனாரா ஒரு பக்கம் சாய்ந்திருந்ததால் மக்கள் அதை 'அல்-ஹத்பா', அதாவது 'கூன் விழுந்தவள்' என அழைத்தனர். 2017 ஜூன் 21ஆம் திகதி, தோல்வியை நெருங்கிய தாயிஷ் இயக்கத்தினர் அதை வெடி வைத்துத் தகர்த்தனர். அல்லாஹ்வின் இல்லத்தை இடித்தவர்கள் இஸ்லாத்தின் பெயரையே சொல்லிக்கொண்டவர்கள் என்பதுதான் வேதனை!

2018இல் யுனெஸ்கோ நிறுவனம், ஐக்கிய அரபு அமீரகத்தின் நிதியுதவியுடன் மீள்நிர்மாணத்தில் இறங்கியது. முதலில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன. பின்னர் இடிபாடுகள் சலிக்கப்பட்டு, பழைய செங்கற்கள் பல்லாயிரக்கணக்கில் பொறுக்கியெடுக்கப்பட்டன. தொழுகை மண்டபத்தின் கீழ் அகழ்ந்தபோது, 12ஆம் நூற்றாண்டில் வுளூச் செய்வதற்குப் பயன்பட்ட நான்கு அறைகள் வெளிப்பட்டன. அவசரமாகச் சீமெந்து கொட்டியிருந்தால் அவை என்றென்றைக்கும் புதைந்தே போயிருக்கும். 2025 செப்டெம்பரில் பள்ளிவாசல் மீளத் திறக்கப்பட்டது. சாய்ந்த மனாரா, அதே சாய்வுடன் மீண்டும் நிற்கிறது.

பள்ளிவாசலோடு பணி நின்றுவிடவில்லை. பழைய நகரில் 124 பாரம்பரிய வீடுகளும் திருத்தப்பட்டன. இல்லத்தரசிகளான நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த வீடுகளைத்தான். கோடையில் மவ்ஸிலின் வெப்பம் 40 பாகை செல்சியஸையும் தாண்டும். பழைய வீடுகளின் தடித்த கற்சுவர்கள் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும். நடுமுற்றம் இரவின் குளிர்ந்த காற்றைத் தேக்கி வைக்கும். நிலத்தடி அறையான 'ஸிர்தாப்' நண்பகல் உறக்கத்துக்கு இடம் தரும். ஒடுங்கிய தெருக்களில் ஒரு வீட்டின் நிழல் மற்ற வீட்டுக்குக் குடையாகும். பெண்களும் பிள்ளைகளும் அந்நியர் பார்வை படாமல் முற்றத்தில் காற்று வாங்கலாம்.

மெல்லிய சீமெந்துச் சுவருக்குள் இவை எதுவும் இல்லை. மின்சாரம் நின்றால் அந்த வீடு அடுப்பாகிவிடும். உலகம் ஆண்டுக்காண்டு சூடேறிவரும் இந்நாளில் முன்னோரின் கட்டட அறிவு வெறும் பழம்பெருமையல்ல. உயிர் காக்கும் கல்வி.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பழைய வீட்டை இடிக்க நினைத்தால் முதலில் அதன் முற்றத்தில் சற்று அமர்ந்து பாருங்கள். காற்று எவ்வழியாக வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். அதன் பின்னர் முடிவெடுங்கள். முன்னோர் விட்டுச்சென்ற அறிவும் நம்மிடமுள்ள அமானிதமே.