அருகில் நிற்பவரே முதல் மருத்துவர்

நான் ஓய்வு பெறுவதற்கு ஈராண்டுகளுக்கு முன்பு, விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். அந்த அறையில் முப்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் இருந்தோம். பெரும்பாலோர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். மற்றொருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். நான் விடைத்தாள் கட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். இடையிடையே நண்பர் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். 'மூச்சு இருக்கிறது, பயமில்லை' என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம். பதினான்கு நிமிடங்களுக்குப் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள்தான் முதன்முதலாக அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தினார்கள். அவர் பிழைக்கவில்லை.

மருத்துவரான என் தங்கை மகளிடம் பின்னர் இதைச் சொன்னேன். 'அது மூச்சே இல்லை, மாமா' என்றாள். இதயம் நின்ற பிறகு சில நிமிடங்களுக்கு மூளைத்தண்டின் தூண்டலால் எழும் வெற்று மூச்சிழுப்பு அது. அதைக் கண்டதும் நாங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். நாங்களோ அதைக் கண்டு நிம்மதி அடைந்தோம்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றென்றே நம்மில் பலர் கருதுகிறோம். மாரடைப்பில், இதயத் தசைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுகிறது. இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும், நோயாளி வலியை வாய்விட்டுச் சொல்வார். இதய நிறுத்தத்தில், இதயத்தின் மின்னோட்ட ஒழுங்கு குலைந்து, ரத்தம் பாய்ச்சும் வேலை நின்றுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். முன்னது பின்னதற்குக் காரணமாவதும் உண்டு. இதயம் நின்றபின், எந்த உதவியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. ஆகவே, எவ்வளவு விரைந்து வரும் ஆம்புலன்ஸும் தனித்து இந்த ஓட்டத்தை வெல்ல இயலாது.

அந்த இடைவெளியை நிரப்புவதுதான் 'சிபிஆர்' எனப்படும் நெஞ்சழுத்த முதலுதவி. 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் இம்முறையை மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். அவர்களில் ஒருவரான வில்லியம் கௌவன்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர். தட்டி அழைத்தும் அசையாமல், இயல்பாக மூச்சு விடாமல் கிடப்பவரைக் கண்டால் உடனே 108-ஐ அழைக்கச் செய்துவிட்டு, மார்பின் நடுவே ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. விலா எலும்பு முறியக்கூடும். உயிர் பிழைத்தால் அந்த எலும்பு கூடிவிடும்.

இதை ஒரு நாடு முழுவதும் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு டென்மார்க் சான்றாக நிற்கிறது. அந்நாடு 2005-இல் பள்ளிகளில் சிபிஆர் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2006-இல் ஓட்டுநர் உரிமம் பெறவும் முதலுதவிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற ஏறத்தாழ 19,500 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, ஆம்புலன்ஸ் வருமுன் அருகிலிருந்தோரிடம் சிபிஆர் பெற்றவர்களின் பங்கு 2001-இல் 21.1 விழுக்காடாக இருந்து 2010-இல் 44.9 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டியது. அதே காலத்தில் 30 நாள்கள் கடந்து உயிருடன் இருந்தோரின் பங்கு 3.5-இலிருந்து 10.8 விழுக்காடானது.

இரண்டும் சேர்ந்து உயர்ந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது என்பதை என் மாணவர்களுக்குப் பல்லாண்டுகள் கற்பித்தவன் நான். அந்தப் பத்தாண்டுகளில் அங்கே மருத்துவச் சேவைகளும் மேம்பட்டன. எனினும் ஒரு புள்ளிவிவரம் கவனத்துக்குரியது. பொதுமக்களே தானியங்கி மின்அதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்திய நிகழ்வுகள் 1.1-இலிருந்து 2.2 விழுக்காடாக மட்டுமே உயர்ந்தன. அந்தக் கருவி மிகுந்த பயனுடையதே. ஆயினும், பொதுமக்களைப் பொறுத்தவரை டென்மார்க்கில் பெரிதும் பெருகியவை கருவிகளைக் கையாண்ட கைகள் அல்ல. நெஞ்சை அழுத்திய வெறுங்கைகளே.

அரசு ஏன் கட்டாயப்படுத்த வேண்டும், விரும்புவோர் கற்றால் போதாதா என்று கேட்கலாம். ஒருவருடைய முயற்சியின் பயன் பிறருக்குச் சென்று சேர்வதைப் பொருளியலில் 'புறநன்மை' என்போம். தடுப்பூசி அதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. ஆனால், தடுப்பூசி போட்டுக்கொள்பவருக்கும் அதில் பயன் உண்டு. சிபிஆர் அப்படியல்ல, இதயம் நின்றவர் தன் நெஞ்சைத் தானே அழுத்திக்கொள்ள முடியாது. நான் எவ்வளவு நன்றாகக் கற்றாலும் என் உயிருக்கு அது உதவாது. என் மனைவியும் பக்கத்து வீட்டாரும் கற்றிருந்தால்தான் எனக்கு வாழ்வு. இதய நிறுத்தங்களில் பெரும்பாலானவை வீடுகளில்தான் நிகழ்கின்றன என்பதால் இது வெறும் வாதமன்று. இத்தகைய ஒன்றைச் சந்தை ஒருபோதும் போதிய அளவில் வழங்காது. எல்லோரும் கற்றால் எல்லோருக்கும் பயன். தனியொருவருக்குக் கற்கும் தூண்டுதல் குறைவு. இங்கேதான் அரசின் கடமை தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கு இது எட்டாத செயலன்று. 2008 முதல் இங்கே 108 சேவை இயங்குகிறது. உயர்நிலை வகுப்புகளில் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம், கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள், ஓட்டுநர் பழகுநர் உரிமம் வழங்கும் இடம் ஆகிய மூன்று வாயில்களிலும் செய்முறைப் பயிற்சியை வைத்தால் ஒரு தலைமுறைக்குள் மாற்றம் தெரியும். சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டியில் 1980-களிலிருந்தே அவசர அழைப்பை எடுப்பவர், அழைத்தவருக்குத் தொலைபேசியிலேயே நெஞ்சை அழுத்த வழிகாட்டுகிறார். 108-ஐ அழைக்கும் ஒவ்வொருவருக்கும் அத்தகைய வழிகாட்டுதல் தமிழில் கிடைப்பது உறுதி செய்யப்பட வேண்டும்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உள்ளது. சாலை விபத்தில் உதவுவோருக்கான பாதுகாப்பை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதைச் சட்டமாக்கியது. அப்பிரிவு பேசுவது மோட்டார் வாகன விபத்துகளைப் பற்றியே. பேருந்து நிறுத்தத்தில் இதயம் நின்று விழுபவருக்கு உதவுபவரையும் அதே தெளிவுடன் சட்டம் காக்க வேண்டும்.

நண்பர் மறைந்த சில மாதங்களுக்குப் பிறகு, பயிற்சி முகாம் ஒன்றில் பொம்மையின் நெஞ்சை அழுத்தி நானும் கற்றுக்கொண்டேன். இரண்டு நிமிடங்களில் வியர்த்துவிட்டது. ஆனால், கற்க ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. வகுப்பறையில் நான் செலவிட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்த ஒரு மணி நேரத்தை எவரும் எங்களிடம் கேட்கவில்லை. நாங்களும் எங்கள் மாணவர்களிடம் கேட்கவில்லை. இனியேனும் கேட்போம்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).