நொறுக்குத்தீனி: பிள்ளைகளையே பேச வைப்போம்



காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் தாய், பிள்ளையின் கையில் இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பள்ளி விட்டதும் அது சிப்ஸ் பாக்கெட்டாகவும் கலர் பாட்டிலாகவும் மாறிவிடுகிறது. அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் எட்டிப் பார்க்காத வீடு நம் மஹல்லாக்களில் அரிதாகிவிட்டது. மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களே இதற்குச் சாட்சி.

திட்டினால் வளர்ந்த பிள்ளைகள் கேட்பதில்லை, மறைத்துத் தின்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். "உடம்புக்கு ஆகாது" என்று உபதேசிக்காமல், கம்பெனிகள் விளம்பரத்தால் பிள்ளைகளை எப்படி மயக்குகின்றன என்று காட்டினார்கள். அந்த விளம்பரங்களில் உண்மையை எழுதித் திருத்தவும் சொன்னார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, பள்ளி கேன்டீனில் மாணவர்கள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், இத்தகைய தின்பண்டங்கள் வாங்குவது குறைந்தது. அறிவுரையை வெறுக்கும் வயது, ஏமாற்றப்படுவதை அதைவிட வெறுக்கிறது.

நம் பிள்ளைகளுக்கும் கணக்கைக் கொடுப்போம். 300 மில்லி கோலாவில் சுமார் 32 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு டீஸ்பூன். பெரியவருக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட்டில் சோடியம் 400 மில்லிகிராம் என்றிருந்தால் அது ஒரு கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் ஐந்து கிராம்தான் அளவு.

சட்டமும் துணை நிற்கிறது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. சாயம் கலந்ததால் பஞ்சு மிட்டாய்க்கு 2024இல் தமிழக அரசு தடை விதித்ததை நாம் அறிவோம்.

சென்ற பரிசளிப்பு விழாவில் நாம் கொடுத்த ஜூஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவர், "இதை ஏன் எங்களுக்குக் கொடுக்கிறீங்க, மாமா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. இனி நம் நிகழ்ச்சிகளில் மோர், சுண்டல், பேரீச்சம்பழம்தான். அந்த மாணவரும் அவருடைய நண்பர்களும் மக்தபில் சிறுவர்களுக்கு லேபிள் படிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள், இன்ஷா அல்லாஹ்.

வீட்டிலும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் நமக்கு நினைவூட்டினால், அது நமக்குப் பெருமையே.