கடை வண்டியின் கீறலுக்கு வீட்டு வைத்தியம்

ஜி.எஸ்.டி., உணவு உரிமம், தராசு முத்திரை என்று பேசும் நம் இதழில் இம்முறை வண்டிப் பெயிண்ட்டைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. காரணம், எனக்கு ஏற்பட்ட நஷ்டம்தான்.

எங்கள் மண்டிக்கு உப்பு மூட்டை ஏற்றி வந்த லோடு வேனின் பின்கதவில், கீழ் ஓரமாக ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. மூட்டைக் கொக்கி பட்டதால் வந்தது. வெள்ளை வண்டிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் போயிற்று. வண்டியை விற்க நினைத்தபோது, பார்க்க வந்தவர் அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். பெயிண்ட் உப்பியிருந்த பகுதி பொலபொலவென்று உதிர்ந்து விரல் உள்ளே போய்விட்டது. "அண்ணாச்சி, இது கீறல் இல்லை, தகடே போயிடுச்சு" என்றார். பேசிய விலையில் 18,000 ரூபாய் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டார். கீறல் விழுந்த வாரமே பார்த்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

உப்பு, கருவாடு ஏற்றுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துரு பெயிண்ட்டுக்கு அடியிலேயே பரவும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம்தான் தெரியும்.

வண்டிப் பெயிண்ட்டை நாம் கனமானது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தகட்டின் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது. பாலிஷ் போடும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அந்த வகை என்று அறியலாம். எதுவானாலும் அளவு மீறித் தேய்த்தால் திரும்பி வராது.

முதலில் சோப்பு நீரில் கழுவி, கீறலின் மேல் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்தால் அது மேல் பூச்சோடு நின்றுவிட்டது. ரப்பிங் காம்பவுண்டை மெல்லிய துணியில் தொட்டு, அழுத்தாமல் தேய்த்தால் போய்விடும். கடையில் இருக்கும் வெள்ளைப் பற்பசை கூட மயிரிழைக் கீறலைக் கொஞ்சம் மழுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பாத்திரம் துலக்கும் பவுடரும் தேங்காய் நாரும் வண்டியை அண்டவே கூடாது. ஒரு கறையைப் போக்க நூறு கீறல் வரும்.

நகத்தால் வருடும்போது நகம் சிக்கினால் ஆழமான கீறல். தகடு தெரிந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். துரு இருந்தால் வாட்டர் பேப்பரால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தெடுங்கள். துருவின் மேல் பெயிண்ட் பூசுவது புண்ணை மூடி வைப்பது போன்றது. துடைத்து உலர்த்திப் பிரைமர், அது காய்ந்தபின் டச்சப் பெயிண்ட். நிறத்தின் எண் பெரும்பாலும் பானட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ தகட்டில் அல்லது ஸ்டிக்கரில் இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள். பிரஷ்ஷை விடத் தீக்குச்சியின் முனை நல்லது. கீறலுக்குள் மட்டும் மெல்ல விட்டு, காயவிட்டு, மறுபடி விட வேண்டும். கடைசியில் சற்று மேடாக நிற்கட்டும். ஒரு வாரம் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்துச் சமன் செய்து, காம்பவுண்டு போட்டால் ஓரளவு ஒன்றிப்போகும். வெள்ளைக்கு நன்றாகவே வரும். மெட்டாலிக் நிறத்தில் தழும்பு தெரியத்தான் செய்யும். துரு நிற்கிறதே, அது போதும். உச்சி வெயிலிலும் மழை ஈரத்திலும் இவ்வேலை வேண்டாம். ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும்.

பம்பர், கதவோரக் கறுப்புப் பட்டை போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் சங்கதி வேறு. அவை வெயிலில் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கின்றன. பலர் தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள். அன்று கறுப்பாகத் தெரியும். மறுநாள் ரோட்டுப் புழுதியெல்லாம் அதில்தான் இருக்கும். வெந்நீர் ஊற்றினால் ஒடுங்கிய பம்பர் பலமுறை தானே நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் சூடு இருக்கும்போதே உள்பக்கமிருந்து தள்ளலாம். வெடித்த பம்பருக்குத் தகட்டுக்குப் போடும் பட்டியைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் வளையும், பட்டி வளையாது. சில மாதத்தில் உதிரும். பெயிண்ட் அடிப்பதானாலும் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர் முதலில் பட வேண்டும். இல்லாவிட்டால் பாளம் பாளமாக உரியும். என் மருமகன் காரில் அப்படி உரிந்ததை நானே நகத்தால் இழுத்துப் பார்த்தேன்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். ஓராண்டு கிளெய்ம் கேட்காதவருக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கும் தள்ளுபடி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை ஏறுகிறது. சின்னக் கீறலுக்குக் கிளெய்ம் போட்டு அதை இழப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் காரியமா என்று பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்யவும் முடியாது. ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே அடிக்கும் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு; மூச்சில் போனால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோகும். அதைப் பெயிண்டரிடம் விடுங்கள். கதவு முழுவதும் நிறம் போனாலும், தகடு ஓட்டையானாலும் அவரிடமே போக வேண்டும். வண்டியின் நிறத்தையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

இன்னொன்று. தின்னர் டப்பாவை குடோன் பக்கம் திறக்காதீர்கள். தீப் பயம் ஒருபுறம், வாடை ஒருபுறம். தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒருமுறை எங்கள் பையன்கள் குடோன் வாசலில் வேலை பார்த்து ஒரு மூட்டைத் தேயிலையை யாருக்கும் விற்க முடியாமல் போயிற்று.

இப்போதுள்ள வண்டியை உப்பு லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவுகிறோம். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். மண் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும். அவற்றை ஈர்க்குச்சியால் குத்தி விடும் வேலையை டிரைவரிடம் விடாமல் நானே செய்கிறேன்.