ஊர்க்கதையை யார் எழுதுவது?



அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடம் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் தா.பழூர். இங்கிருந்து ஜெயங்கொண்டம் போய், இன்னும் கொஞ்ச தூரம் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழன் உருவாக்கிய தலைநகரம் அது. சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தால் நிலம், நெல், வரி என்று எத்தனையோ கணக்குகள் கிடைக்கும்.

ஆனால் அந்தப் பெரிய கோயிலைக் கட்டக் கல் சுமந்தாரே ஒரு தொழிலாளி, அவர் வீட்டில் அன்று இரவு என்ன சாப்பாடு? அவருடைய மகன் தெருவில் என்ன விளையாட்டு விளையாடினான்? அவன் பாட்டி என்ன கதை சொன்னாள்? இதெல்லாம் எந்தக் கல்லிலும் இல்லை!

ஏன் தெரியுமா? கல்லில் எழுத்து வெட்ட அரசனோ, ஊர்ச் சபையோ, வசதி படைத்தவர்களோ மனம் வைக்க வேண்டும். கல் சுமந்தவருக்கு அந்த வாய்ப்பு ஏது?

காலம் மாறியது. அச்சுப் புத்தகம் வந்தது. அதற்குப் பதிப்பாளர் சம்மதிக்க வேண்டும். செய்தித்தாள் வந்தது. அதற்கு ஆசிரியர் ஒப்புக்கொள்ள வேண்டும். யாருடைய சம்மதத்துக்கும் காத்திருக்காமல், தன் கதையைத் தானே எழுதி, உலகத்துக்கே காட்டுகிற வசதி சாதாரண மக்களுக்குக் கிடைத்தது மிகச் சமீபத்தில்தான். அந்த வசதியின் பெயர் வலைப்பதிவு. செல்லமாக, வலைப்பூ!

தினமும் எழுதிய பிள்ளை

இன்டர்நெட் வருவதற்கு முன்பும் தன் கதையை எழுதியவர்கள் இருந்தார்கள். நம் தமிழிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். அங்கே துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. இவர் 1736ஆம் ஆண்டு முதல் 1761ஆம் ஆண்டு வரை, சுமார் 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, போனது, வியாபாரப் பேச்சு, கவர்னர் சொன்னது, போர்ச் செய்தி என்று கண்டது, கேட்டது எல்லாவற்றையும் எழுதி வைத்தார்.

ஆனால் அது ஊருக்குத் தெரியாத நாட்குறிப்பு. பிள்ளை 1761இல் இறந்தார். 1846இல்தான் அந்த நாட்குறிப்பு வெளியுலகின் கண்ணில் பட்டது. நடுவில் 85 ஆண்டுகள்! அதைக் கண்டவர்கள் பிரதி எடுத்ததால்தான் இன்று நாம் படிக்க முடிகிறது. அப்படியும் இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவில்லை.

இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வலைப்பூ பூத்த கதை

1994ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஜஸ்டின் ஹால் என்ற 19 வயது கல்லூரி மாணவர், இன்டர்நெட்டில் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கினார். அதில் தன்னைப் பற்றியும், தனக்குப் பிடித்தவற்றைப் பற்றியும் எழுதினார். தன் வாழ்க்கையை இணையத்தில் எழுதிய முன்னோடிகளில் ஒருவராக இன்று அவரைச் சொல்கிறார்கள்.

1997இல் ஜோர்ன் பார்ஜர் என்பவர் இப்படிப்பட்ட பக்கங்களுக்கு 'வெப்லாக்' என்று பெயர் வைத்தார். வலையில் எழுதும் குறிப்பேடு என்று பொருள். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அந்தச் சொல்லை வேடிக்கையாக 'வீ பிளாக்' என்று பிரித்து எழுதினார். அந்த விளையாட்டிலிருந்துதான் 'பிளாக்' என்ற சொல் பிறந்தது!

அந்தக் காலத்தில் இணையப் பக்கம் தயாரிப்பது சுலபமில்லை. அதற்கென்று உள்ள கணினிக் குறியீடுகளைக் கற்க வேண்டும். எழுதிய பக்கத்தை வேறொரு கணினிக்கு அனுப்பி வைக்கத் தெரிய வேண்டும். 1999 ஆகஸ்டில் 'பிளாகர்' என்ற சேவை வந்தது. எழுதுவதற்கு ஒரு கட்டம், ஒரு பொத்தான். அவ்வளவுதான்! பொத்தானை அழுத்தினால் நீங்கள் எழுதியது உலகம் முழுக்கத் தெரியும். புதிதாக எழுதியது மேலே, பழையது கீழே. நாளடைவில், படிப்பவர்கள் அடியிலேயே தங்கள் கருத்தை எழுதும் வசதியும் சேர்ந்தது.

தமிழுக்கு வந்த சோதனை

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணைப்பு. 'கீ...ங் கிர்ர்ர்' என்று சத்தம் போட்டுவிட்டு மெதுவாக இணையும். இன்டர்நெட் பார்க்கும்போது வீட்டு டெலிபோனில் யாரும் பேச முடியாது! வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக் கணக்கில் காசு கொடுத்துப் பார்த்தார்கள்.

ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்குச் சிக்கல் இல்லை. தமிழில் எழுத நினைத்தவர்களுக்குத்தான் பெரிய தலைவலி!

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் ஓர் எண்ணாகத்தான் அது நினைவில் வைக்கும். ஆரம்பத்தில் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். 'பாமினி' என்ற எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும். 'கே' இருக்கும் இடத்தில் 'ம' இருக்கும். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால், நண்பர் 'அம்மா' என்று எழுதி அனுப்பியது உங்களுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! அம்மாவைக் காணோம்!

இதில் இன்னொரு கூத்து. ஒவ்வொரு எழுத்துருவிலும் எழுத்துகளின் இடம் வேறு வேறு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்க முடியாது. இதைச் சரிசெய்யப் பல நாட்டுத் தமிழர்கள் பாடுபட்டார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் 'முரசு அஞ்சல்' செய்த முத்து நெடுமாறன் ஆகியோர் முன்னோடிகள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டில் எல்லோருக்கும் பொதுவான விசைப்பலகை பற்றிப் பேசி முடிவெடுத்தார்கள்.

முழுத் தீர்வு 'யூனிகோடு' பரவியபோது வந்தது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ஏற்பாடு இது. தமிழுக்கு 1991லேயே இதில் இடம் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர்கள் அதைப் புரிந்துகொள்ளத்தான் சில ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் 2000, விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு நிலைமை மாறியது.

'தா.பழூர்' என்று எழுதினால் கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்போமா?

த - 2980
துணைக்கால் - 3006
நடுவில் உள்ள முற்றுப்புள்ளி - 46
ப - 2986
ழ - 2996
ஊகாரக் குறி - 3010
ர - 2992
மேலே வைக்கும் புள்ளி - 3021

மொத்தம் எட்டு எண்கள். தா.பழூரில் எழுதினாலும் டொரன்டோவில் படித்தாலும் இதே எட்டு எண்கள்தான்! எழுத்து மாறவே மாறாது.

சரி, ஆங்கில விசைப்பலகையில் தமிழை எப்படித் தட்டுவது? அதற்கு வந்தது 'ஈ-கலப்பை' என்ற இலவச மென்பொருள். முகுந்தராஜ் என்பவரும் 'தமிழா' குழுவினரும் செய்தது. ஆங்கில எழுத்துகளில் ஒலியைத் தட்டினால் தமிழ் முளைக்கும். வயலை உழுகிற கலப்பையின் பெயரைக் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா! பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்ற 'பொங்குதமிழ்' என்ற கருவியைச் செய்தவர் சுரதா யாழ்வாணன்.

பூத்துக் குலுங்கிய காலம்

2003ஆம் ஆண்டில் தமிழ் வலைப்பூக்கள் ஒவ்வொன்றாக மலர ஆரம்பித்தன. அப்போது தா.பழூர், பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. 2007இல்தான் அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது.

பூக்கள் பெருகியதும் புதுச் சிக்கல். இத்தனை பேரில் இன்று யார் புதிதாக எழுதியிருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 2004 ஆகஸ்டில் காசி ஆறுமுகம் என்பவர் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். ஒவ்வொரு வலைப்பூவும் தன் புதிய தலைப்புகளைச் 'செய்தியோடை' வழியாக அனுப்பும். திரட்டி அவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும். பல தோட்டத்துப் பூக்களும் ஒரே சந்தைக்கு வந்து சேருவதுபோல!

எழுதியவர்கள் யார்? இன்ஜினீயர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும், இலங்கையிலிருந்தும், வளைகுடா நாடுகளிலிருந்தும், சிங்கப்பூர், கனடாவிலிருந்தும் எழுதினார்கள். சொந்த ஊர்த் திருவிழா, பாட்டி வைத்த குழம்பு, படித்த பள்ளிக்கூடம், பார்த்த சினிமா, போரில் இழந்த வீடு... கல்வெட்டில் இடம் கிடைக்காத கதைகள் எல்லாம் இங்கே இடம் பிடித்தன.

வலைப்பூ வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதும் ஒரு துயரமான நாளில் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. நாகப்பட்டினம் முதல் இலங்கை, இந்தோனேசியா வரை பேரழிவு. பீட்டர் கிரிஃபின், தினா மேத்தா, ரோஹித் குப்தா ஆகியோர் உடனே ஒரு வலைப்பூ தொடங்கினார்கள். எங்கே என்ன உதவி வேண்டும், யாரைத் தொடர்புகொள்ள வேண்டும், காணாமல் போனவர்களை எப்படித் தேடுவது என்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து தகவல் திரட்டிப் போட்டார்கள். சம்பளம் வாங்கி வேலை செய்தவர்கள் அல்ல, சாதாரண வலைப்பதிவர்கள்!

காணாமல் போன பக்கங்கள்

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கம் பலரும் போய்விட்டார்கள். வலைப்பூக்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் பழைய கூட்டம் இல்லை.

இணையத்தில் போட்டால் என்றைக்கும் இருக்கும் என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை! 'ஜியோசிட்டீஸ்' என்று ஓர் இலவச இடம் இருந்தது. லட்சக்கணக்கானோர் அங்கே சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் அதை மூடியது. பிரதி எடுக்கப்படாத பக்கங்கள் போனது போனதுதான்.

ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவிருக்கிறதா? அவருடைய நாட்குறிப்பு பிழைத்தது பிரதியால். இணையத்திலும் அதே கதைதான். அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996இல் 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேமிப்பது அதன் முக்கிய வேலை. மூடிப்போன பல பக்கங்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. நீங்கள் காக்க நினைப்பது தொலைந்து போகலாம். அழித்துவிட்டோம் என்று நினைப்பது வேறு யாரிடமாவது பிரதியாக இருக்கலாம்! அதனால் பிடித்ததைப் பிரதி எடுத்து வையுங்கள். பிறர் மனம் புண்படும் எதையும் எழுதாதீர்கள்.

உங்கள் ஊர், உங்கள் பேனா

எழுதுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு நோட்டுப் போதும். என்ன எழுதலாம்?

* தா.பழூர் என்ற பெயருக்கு முன்னால் நிற்கும் 'தா' எதைக் குறிக்கிறது? ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். உங்கள் ஊரின் பெயருக்கும் ஒரு கதை இருக்கும்.
* கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த ஆண்டில் உங்கள் தெருவில் என்ன நடந்தது? தாத்தா, பாட்டியிடம் கேட்டு அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.
* அரியலூர் மண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது! வாரணவாசியில் இதற்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ப் பார்த்ததை எழுதுங்கள்.
* நீங்கள் விளையாடும் விளையாட்டின் விதிகளை எழுதுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது தெரியாமல் போகலாம்.

ஒவ்வொரு குறிப்பிலும் தேதி போடுங்கள். யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அடுத்தவர் எழுதியதை உங்களுடையது என்று போடாதீர்கள்.

இணையத்தில் போட ஆசையா? பல சேவைகளில் 13 வயது ஆகாதவர்கள் கணக்குத் தொடங்கக் கூடாது. அப்பா, அம்மா அல்லது ஆசிரியரைக் கேட்டு, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வீட்டு முகவரி, போன் நம்பர், பள்ளியின் பெயர், போட்டோ எதையும் போட வேண்டாம். நண்பனைப் பற்றி எழுதும் முன் நண்பனிடம் கேளுங்கள். முகம் தெரியாத யாராவது தனியாகப் பேசக் கூப்பிட்டால் உடனே வீட்டில் சொல்லுங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல் சுமந்தவரின் மகன் என்ன விளையாடினான் என்று நமக்குத் தெரியாது. எழுதி வைக்க அவனுக்கு வழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது. இன்று மாலை நீங்கள் என்ன விளையாடினீர்கள்? முதல் பக்கத்தை அதிலிருந்தே தொடங்குங்களேன்!